வெள்ளை நூல் கட்டிய வான்கோழி

வான்கோழியை ஒழுங்காகச் சுடத் தெரிந்த ஒரே மனிதன் மின்னசோட்டா மாநிலத்தில் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்று மாலை பனி பெய்யும் என்று வானொலியில் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு தகவலாகச் சொல்கிறேன். என் பெயர் சோரன் ஹௌகன். வயது இருபது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வேதியியல்.

இன்னொரு தகவலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் சாப்பாட்டு மேசையில் உண்மை பேசுகிறவனும் நான் ஒருவன்தான். இந்த இரண்டு தகுதிகளும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால்தான் நடந்தது நடந்தது. வெர்னா அத்தையின் அடுப்பைத் திருகிப் பற்றவைக்கும் குமிழ்கள் ஐந்தும் இப்போது அவர் மகள் கிர்ஸ்டனின் கைப்பையில் இருக்கின்றன. அத்தை வீட்டு வாசலில் விற்பனைப் பலகை ஊன்ற, பனியில் உறைந்த மண் இளகட்டும் என்று காத்திருக்கிறார்கள். அத்தையை மின்னியாபொலிஸ் நகரத்தில், தனியாக வெளியே போனால் மணி அடிக்கும் கதவு வைத்த ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறார்கள். இதற்கெல்லாம் நான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அதனால் நானே சொல்கிறேன். வருத்தம் தெரிவிக்க அல்ல. என் செய்முறையில் எந்தத் தவறும் இல்லை என்பது எங்காவது பதிவாக வேண்டும்.

முதலில் அத்தையின் வான்கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெர்னா அத்தை என் அப்பாவின் அக்கா. எழுபத்து நான்கு வயது. நாற்பத்தொரு வருடமாக, நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை, நன்றி நாளன்று, குடும்பத்துக்கே வான்கோழி சுட்டவர். விடிவதற்கு முன்பே எழுந்து அதன் வயிற்றில் ரொட்டித் துண்டு, செலரி, வெங்காயம் எல்லாம் திணித்து, கால்கள் இரண்டையும் தன் பின்னல் கூடையிலிருந்து எடுத்த நீல நூலால் கட்டி, ஐந்து மணிக்கெல்லாம் ஓவனில் வைத்துவிடுவார். அதன் பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, தட்டில் வழிந்த கொழுப்பை நீளக் கரண்டியால் மொண்டு அதன் மேல் ஊற்றுவார். கதவு திறந்ததும் சூடு வெளியே போகும். ஈரம் பட்டதும் தோல் நமுத்துப் போகும். அதை ஈடுகட்ட இன்னும் அரை மணி நேரம் வேகவிடுவார். நண்பகலில் வெளியே வரும் அந்தப் பறவையின் தோல் நனைந்த காகித உறை போலவும், மார்புக் கறி அந்த உறைக்குள் மறந்துபோன கடிதம் போலவும் இருக்கும்.

இதற்காகத்தான் எங்கள் மக்கள் கிரேவியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கிரேவிக் கிண்ணத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்காத குறையாக வாங்கி, கறி மிதக்கும் அளவுக்கு ஊற்றிக்கொண்டு, ஒரு வாய் தின்றுவிட்டு, "மோசமில்ல" என்பார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. குழந்தை பிறந்தாலும் அதுதான், வீடு கட்டினாலும் அதுதான். ஒன்று உண்மையிலேயே சகிக்கவில்லை என்றால் மட்டும் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். கேட்டவர் அதன் பிறகு இரண்டு வாரம் தூங்கமாட்டார். அத்தையின் வான்கோழியை நாற்பத்தொரு வருடமாக எல்லாரும் "மோசமில்ல" என்றார்கள். இது கூட்டாகச் சொன்ன பொய். என் அம்மா எங்களை விட்டு அரிசோனாவுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவளும் பத்து வருடம் "மோசமில்ல" என்றவள்தான்.

நேர்மையான வழியை நான் முயன்று பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய வருடம் அத்தையின் சமையலறையிலேயே நின்று பேசிப் பார்த்தேன்.

"அத்தை, அந்தக் கதவைத் திறக்காம விட்டாலே பாதி சரியாயிடும்."

"அப்படியா? நீ இதுவரைக்கும் எத்தனை வான்கோழி வெச்சிருக்க?"

"இன்னும் வெக்கல. ஆனா படிச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லது. படிச்ச கையால அந்த உருளைக்கிழங்க உரி." கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாப்பது வருஷமா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல சோரன். நீ ஒருத்தன்தான் வந்திருக்க."

அதுதான் என்னை உறுத்தியது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லாததைச் சான்றாகக் காட்டினார். சான்று என்றால் என்ன என்பதைக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு வருடம் பயிற்சி எடுத்தேன். கல்லூரியில் நான் தங்கியிருந்த வாடகை வீட்டு ஓவனில் பதினோரு வான்கோழிகளைச் சுட்டேன். என் அறைத்தோழர்கள் இப்போது மீன் மட்டும்தான் சாப்பிடுகிறார்கள். நான் கண்டுபிடித்தது எளிமையானது. மூன்று நாள் முன்பே பறவையை நன்றாகத் துடைத்து, உப்போடு கொஞ்சம் பேக்கிங் பவுடர் கலந்து, தோல் முழுக்கத் தடவ வேண்டும். தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை விட்டு மெதுவாகப் பிரித்து, உள்ளேயும் உப்பு. பிறகு மூடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். தோல் காய்ந்து, மேளத் தோல் போல இறுகும். உப்பு கறிக்குள் இறங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் பின் கடும் சூட்டில் அரை மணி, மிதமான சூட்டில் இரண்டு மணி. கதவைத் தொடவே கூடாது. மார்பில் குத்திய வெப்பமானி நூற்றைம்பத்தேழு ஃபாரன்ஹீட் காட்டியதும் எடுத்து, மூடாமல் ஆறவிட வேண்டும். தன் சூட்டிலேயே மீதி வேகும். பொறுமை இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். எனக்குப் பொறுமை உண்டு என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள்.

சென்ற நவம்பரில், உப்புத் தடவிய பறவையைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் புதன்கிழமை மாலை ஊருக்குக் கொண்டுவந்தேன். அந்த மாதத்தில் எங்கள் மாநிலமே ஒரு குளிர்பெட்டி. காரைப் பூட்டவும் இல்லை.

நன்றி நாள் காலையில் எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் பத்தரைக்கு ஆராதனை. அப்பா எட்டு மணிக்கே கிளம்பிவிடுவார்; படிகளில் பனியைத் தள்ளி, காபி போடுவது அவர் பொறுப்பு. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர் போன கையோடு எங்கள் ஓவனில் என் வான்கோழி ஏறியது. வாசனையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அன்று ஊர் முழுக்க ஒரே வாசனைதான். ஒரு வான்கோழியை மறைக்க அதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடையாது.

அத்தையின் வீடு எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, தேவாலயத்துக்கு நேர் எதிரே. ஆராதனையிலிருந்து நழுவிப் போய்க் கொழுப்பு ஊற்றுவது அத்தையின் வழக்கம். முதல் ஞானப்பாட்டில் ஒருமுறை, இரண்டாம் ஞானப்பாட்டில் ஒருமுறை. கரண்டியைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பார். போதகருக்கும் தெரியும், அந்த இரண்டு பாட்டுகளை மட்டும் அவர் எல்லாச் சரணமும் பாட வைப்பார். ஆனால் அதற்குப் பின் வரும் பிரசங்கத்தின்போது எழுந்து போவது மரியாதை இல்லை என்று அத்தை உட்கார்ந்திருப்பார். பிரசங்கம் முப்பத்தைந்து நிமிடம். எனக்குப் பதினைந்து போதுமானதாக இருந்தது.

பின்கதவு வழியாகப் போனேன். எங்கள் ஊரில் பின்கதவைப் பூட்டுகிற வழக்கம் இல்லை. அத்தையின் பறவையைத் தூக்கி, அப்பா மீன் பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் துண்டு சுற்றி வைத்தேன். திணித்திருந்த ரொட்டியைக் கரண்டியால் சுரண்டி என் பறவைக்குள் மாற்றினேன். என் பறவையை அவர் தட்டில் வைத்தேன். அப்போதுதான் நூலைப் பார்த்தேன். அவருடையது நீலம். நான் கட்டியிருந்தது கடையில் விற்கும் வெள்ளை நூல்.

மாற்றிக் கட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நேரம் இருந்தது. ஆனால் கால்களை அசைத்தால் தொடைப் பக்கத்தில் தோல் கிழிந்துவிடும். அந்தத் தோலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய வயலின் மாதிரி இருந்தது. அதே காரணத்துக்காக அத்தை மூடியிருந்த அலுமினியத் தாளையும் நான் திரும்பப் போடவில்லை; மடித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரம் வைத்தேன். என் பறவை ஏற்கெனவே வெந்துவிட்டதால் ஓவனை அணைத்தேன். இவை எல்லாமே சமையல் காரணங்கள். வேறு எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

ஆராதனை முடிந்து அப்பா, கிர்ஸ்டன், அவள் கணவன் ப்ரெண்ட் மூவரும் தெருவைக் கடந்தபோது, நானும் குணமாகிவிட்ட வயிற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். அத்தை எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் கரண்டியோடு, திறந்த ஓவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இத அணைக்கல" என்றார்.

"அணைஞ்சிருந்தா நல்லதுதானேம்மா. வெந்துடுச்சு பாரு" என்றாள் கிர்ஸ்டன்.

மேசையில் வைத்து, அப்பா நன்றி ஜெபம் சொல்லி முடித்ததும், அத்தை கத்தியை எடுக்காமல் வான்கோழியையே பார்த்தார்.

"இது நான் வெச்ச வான்கோழி இல்ல."

ப்ரெண்ட் சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்காததைக் கவனித்து நிறுத்திக்கொண்டான்.

"நான் நீல நூல்ல கட்டினேன். இது வெள்ள நூல்."

"போன வருஷம் நீலமா இருந்திருக்கும்மா" என்றாள் கிர்ஸ்டன். அவள் குரல் ரொம்ப மென்மையாகிவிட்டது. அத்தையின் அம்மா, அதாவது என் பாட்டி, தன் கடைசி வருடங்களில் காலணிகளைக் குளிர்பெட்டியில் வைத்தவர். கணவர் பெயரை அஞ்சல்காரருக்குச் சூட்டியவர். கிர்ஸ்டன் அந்த வீட்டில் வளர்ந்தவள். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நிறுத்தினார். "சோரன், நீதான் மனசுல பட்டத சொல்றவன். நீ சொல்லு. நூல் என்ன நிறம்?"

"வெள்ளை அத்தை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டில் இருந்த நூல் வெள்ளைதான்.

அப்பா எழுந்து கத்தியை வாங்கி அறுத்தார். தோல் நொறுங்கிய சத்தம் அடுத்த அறை வரை கேட்டிருக்கும். மார்பிலிருந்து சாறு வழிந்து தட்டின் விளிம்பைத் தொட்டது. ப்ரெண்ட் மூன்று முறை வாங்கிக்கொண்டான். கிரேவிக் கிண்ணம் வைத்த இடத்தில் வைத்தபடி, மேலே ஆடை கட்டி, ஆறிப்போயிருந்தது. என் வாழ்க்கையில் அந்தக் கிண்ணம் நிறைந்தே இருந்து நான் பார்த்தது அன்றுதான். அதைவிட நேர்மையான தீர்ப்பு எதுவும் இருக்க முடியாது.

அத்தை ஒரே ஒரு துண்டு எடுத்து, மெதுவாக மென்று விழுங்கினார்.

"நல்லாருக்கு" என்றார். "அதனாலதான் சொல்றேன். இது என்னோடது இல்ல."

அப்பா தன் தட்டைப் பார்த்தார். கிர்ஸ்டன் அத்தையின் கை மேல் கை வைத்தாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இனிப்பு வரட்டும், பூசணி அப்பத்தோடு சேர்த்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் சிரிப்பார்கள், அத்தை கரண்டியால் என் தலையில் தட்டுவார், அடுத்த வருடத்திலிருந்து ஓவன் கதவைத் திறக்கமாட்டார். திட்டம் அதுதான். ஆனால் சாப்பாடு முடிந்ததும் கிர்ஸ்டன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். ஓவனை அணைத்தது ஞாபகமில்லையாம், தாளை மடித்து வைத்தது ஞாபகமில்லையாம், நாளைக்கு அணைக்க மறந்தால் வீடே எரிந்துபோகாதா என்றாள். அழுகிற ஒருத்தியிடம் அது விளையாட்டு என்று சொல்வது நாகரிகமாகப் படவில்லை. ஒரு தட்டை வாங்கித் துடைத்தேன். பிறகு இன்னொன்று. மொத்தம் பதினாலு தட்டு. அதன் பின் சொல்வதற்கான நேரம் கடந்துவிட்டது.

டிசம்பரில் குமிழ்களைக் கழற்றினார்கள். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'நூல் நீலம். ஓவனை நான் அணைக்கவில்லை.' நான் சூப் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில் அந்தச் சீட்டைத் தாண்டித்தான் கிண்ணத்தை உள்ளே வைக்க வேண்டும். ஜனவரியில் அந்தச் சீட்டின் முடிவில் ஒரு கேள்விக்குறி சேர்ந்திருந்தது. ஒரு நாள் என்னைக் கேட்டார்: "சோரன், நான் அன்னைக்கு சர்ச்சுக்கு வந்தேன் இல்ல? பிரசங்கம் முழுக்க உக்காந்திருந்தேன் இல்ல?"

"எனக்கு வயித்து வலி அத்தை. நான் வரல" என்றேன். இதுவும் பாதி உண்மை. நான் வரவில்லை.

பிப்ரவரி கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து மிஸ் ப்ராட்டன் என்ற பெண் ஒரு படிவத்தோடு வந்தார். அத்தை தனியாக வாழத் தகுதியானவரா என்பதை அந்தப் படிவம் சொல்லும். குமிழ்கள் திரும்பி வருவதும் வராததும் அதில்தான் இருந்தது. அத்தையின் சமையலறை மேசையிலேயே எல்லாரும் உட்கார்ந்தோம். நான் அன்று உண்மையைச் சொல்லும் முடிவோடுதான் போனேன். முதல் வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். நகைச்சுவையான வாக்கியம்.

மிஸ் ப்ராட்டன், மறதி எப்போது முதலில் தெரிய வந்தது என்று கேட்டார். கிர்ஸ்டன் வாயைத் திறப்பதற்குள் அத்தையே பேசினார்.

"நன்றி நாள் அன்னைக்கு. நூல் நீலம்னு நெனச்சேன். வெள்ளையா இருந்துச்சு." மடியில் கைகளை மடித்து வைத்துக்கொண்டார். "இவங்க எல்லாரும் பாத்தாங்க. நாலு பேரு பாத்தது தப்பா இருக்காது. நான்தான் தப்பா நெனச்சிருக்கேன்."

மிஸ் ப்ராட்டன் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் இருந்தீங்களாமே. உங்களுக்கு என்ன தோணுச்சு?"

யோசித்துப் பாருங்கள். எழுபத்து நான்கு வயதுப் பெண், தன் வீட்டில், தன் மேசையில், தன்னைப் பற்றித் தானே ஒன்று சொல்கிறார். அவர் முகத்துக்கு நேரே அதை மறுத்துப் பேச நான் யார். அது மரியாதை இல்லை.

"அன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமா இருந்தாங்க" என்றேன்.

அத்தை தலையாட்டினார். எனக்குக் காபி போட எழுந்து, அடுப்பு பற்றாது என்பது நினைவுக்கு வந்து, திரும்ப உட்கார்ந்தார். படிவத்தில் சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. தெளிவான கையெழுத்து.

இப்போதும் கேட்டால், அதே உப்பு, அதே சூடு, அதே நேரம். ஒரு டிகிரி மாற்றமாட்டேன். நாற்பத்தொரு வருடப் பொய்யை ஒரே மதியத்தில் முடித்து வைத்தவன் நான். அந்த மேசையில் கிரேவி இல்லாமல் வான்கோழி சாப்பிட வைத்தவன் நான்.

அத்தையின் பறவையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது எங்கள் கார் கொட்டகையில், பெரிய உறைபெட்டியின் அடியில், அப்பா பிடித்த ஏரி மீன்களுக்குக் கீழே இருந்தது. ஆதாரத்தை ஒளித்து வைத்திருந்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உணவை எறிவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, அவ்வளவுதான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு துண்டு வெட்டிச் சுடவைத்துச் சாப்பிட்டேன். மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கால்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கட்டியிருந்த நூலை அவிழ்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கறி நார் நாராகப் பிரிந்தது. கொஞ்சம் வெண்ணெயும் மாவும் வறுத்து, கொதிநீர் விட்டு, கட்டி தட்டாமல் கிளறி, கிண்ணம் நிறையக் கிரேவி செய்தேன்.

அப்பா தேவாலயத்திலிருந்து வந்தார். வாசலில் காலைத் தட்டிப் பனியை உதறினார். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக்கொண்டே மேசைக்கு வந்தவர், தட்டின் ஓரத்தில் கிடந்த நூலைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். அது அத்தை பின்னிக் கொடுத்த தொப்பி. இரண்டும் ஒரே நீலம்.

தொப்பியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"கிரேவி இருக்கா?" என்றார்.

கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். ஒரு காலை அவர் தட்டில் போட்டேன். அவர் கறி மிதக்கும் அளவுக்கு ஊற்றிக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தோம். அதற்கு நேரம் பிடிக்கும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார், தட்டைப் பார்த்தபடி.

"மோசமில்லப்பா" என்றேன். கிண்ணத்தை என் பக்கம் இழுத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.